மேட்டூர் அணைக்கும் உங்கள் லேப்டாப் பேட்டரிக்கும் ஒரே வியாதி!

புது லேப்டாப்பை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகுதான் ஆன் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? தேவையே இல்லை. அது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. இப்போது வருவது லித்தியம் அயான். 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது, 2019-இல் அதற்காக மூன்று பேருக்கு நோபல் பரிசு. வரலாறு போதும்.

[திரையில்: மேட்டூர் அணை, 120 அடி]

டெல்டாக்காரர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லித்தர வேண்டாம். 120 அடி தொட்டால் 93.47 டி.எம்.சி. என்பது கணக்கு. ஆனால் 1934-இல் கட்டி முடித்த அணையில் வண்டல் சேர்ந்துகொண்டே வருகிறது. அளவுகோல் 120 என்றே காட்டும், உள்ளே நிற்கும் தண்ணீர் குறைந்திருக்கும். பேட்டரியிலும் இதே கதைதான். கிராஃபைட் மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. அங்கும் இங்கும் ஓடி சார்ஜைச் சுமக்க வேண்டிய லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சிக்கிக்கொள்கிறது. திரையில் 100% என்றுதான் இருக்கும், ஆனால் சீக்கிரமே படுத்துவிடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்! விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள், கட்டளையைத் திரையில் போட்டிருக்கிறேன். [திரையில்: powercfg /batteryreport] டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் வரும். முதலாவதுதான் அந்த 93.47. இரண்டாவது, வண்டல் போக மிச்சம். இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம். உங்கள் எண்களைக் கமெண்டில் போடுங்கள், கட்டாயம் படிப்பேன்.

சரி, படலம் எதனால் வேகமாக வளர்கிறது? சூடு, அப்புறம் எந்நேரமும் முழு சார்ஜில் கிடப்பது. தஞ்சாவூர் மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மெத்தை மேல் வைத்து நாள் முழுக்க பிளக்கிலேயே விட்டால் இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டும். மெத்தை காற்றுத் துளைகளை அடைக்கும், மேசையில் வையுங்கள். பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. வீட்டில் பிளக்கிலேயே வேலை செய்பவர்கள் அதை ஆன் செய்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. அடிக்கடி பூஜ்யம் வரை இறக்காதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் இந்த வரம்பை மறந்துவிடுங்கள். 2018 நவம்பர் 16, கஜா அடித்த பிறகு வேதாரண்யம், மன்னார்குடி பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் 100% ஏற்றி வையுங்கள். ஓரிரு நாள் நிறைந்திருப்பதால் பேட்டரி கெட்டுவிடாது, யூஎஸ்பி வழியாக வீட்டுப் போன்களுக்கும் அதிலிருந்தே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.