துண்டு போகுது, வீடு போகல்ல: சார்புக்குள்ள என்ன அனுப்புறம்?

[காட்சி: மண்முனைப் பாலம், காலை வெயில், ரெண்டு பக்கமும் வாவி]

"டீச்சர், சார்புக்குள்ள பட்டியலை மாத்தினா வெளியிலயும் மாறுது. எண்ணை மாத்தினா ஏன் மாறல்ல?" உயர்தரத்துக்குப் பைதன் எண்ட செய்நிரல் மொழி படிக்கிற பிள்ளையள் வருசா வருசம் கேக்கிற கேள்வி இது. "பட்டியல் ரெஃபரன்ஸாப் போகும், எண் வேல்யூவாப் போகும்" எண்டு, அதாவது பட்டியல் எண்டா மாறியே உள்ளுக்க போகும், எண் எண்டா நகல் மட்டும் போகும் எண்டு, விடை சொல்லிக் குடுக்கிற ஆக்களும் இருக்காங்க. அது பிழை. பைதனில ரெண்டும் ஒரே மாதிரித்தான் போகுது.

[காட்சி: மேசையில ரெண்டு கடதாசித் துண்டு]

கொக்கட்டிச்சோலையில உங்களுக்கு ஒரு வீடு இருக்கு எண்டு வைங்க. விலாசத்தை ஒரு துண்டில எழுதி வைச்சிருக்கீங்க. துண்டுதான் 'மாறி' (வேரியபிள்), வீடுதான் 'ஒப்ஜெக்ட்', அதாவது அந்தப் பட்டியல் அல்லது எண். சார்பைக் கூப்பிடக்குள்ள, அந்த விலாசத்தை இன்னொரு துண்டில பார்த்து எழுதித் தம்பியிட்டக் குடுக்கிறீங்க. உங்கட துண்டு உங்கட பையிலதான் இருக்கு.

தம்பி பாலம் கடந்து போய், முத்தத்தில ஒரு மாங்கன்று நடுறான். பின்னேரம் நீங்க உங்கட துண்டைப் பார்த்துப் போனாலும் அந்தக் கன்று நிக்கும், ஏனெண்டா ரெண்டு துண்டும் காட்டுறது ஒரே வீட்டை. பட்டியலுக்கு அப்பெண்ட் பண்ணுறது, அதாவது கடைசியில ஒண்டைச் சேர்க்கிறது, இதுதான்.

இனி, தம்பி தன்ட துண்டில இருக்கிற விலாசத்தை வெட்டிட்டு, களுவாஞ்சிக்குடி விலாசம் ஒண்டை எழுதுறான். உங்கட துண்டில ஒரு எழுத்தும் மாறாது. சார்புக்குள்ள பரமீட்டருக்கு, அதாவது தம்பியிட துண்டுக்கு, சமன் குறி போட்டா நடக்கிறது இவ்வளவுதான்.

அப்ப எண்? 5 எண்டிறது உள்ளுக்க ஒண்டையும் மாத்த ஏலாத வீடு. அங்க மாங்கன்று நட வழியே இல்ல, துண்டைத் திருத்தி எழுத மட்டும்தான் ஏலும். அதுதான் வெளியில மாறல்ல.

1970களில அமெரிக்காவில எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில சி.எல்.யூ. எண்ட செய்நிரல் மொழியை உருவாக்கின பார்பரா லிஸ்கோவ் குழு இந்த முறைக்கு 'கோல் பை ஷெயரிங்' (பகிர்ந்து அழைக்கிறது) எண்டு பேர் வைச்சாங்க. எனக்கு இந்தப் பேர்தான் சரியாப் படுது: வீடு பொது, துண்டு அவரவருக்கு. ஜாவா எண்ட மொழியிலயும் ஒப்ஜெக்டுகள் இப்பிடித்தான் போகுது. அதனாலதான் ஜாவாவில ரெண்டு மாறியை இடம் மாத்த ஒரு மெதட் (அங்க சார்புக்குப் பேர் அது) எழுதினா, வெளியில ஒண்டும் இடம் மாறாது.

உண்மையான ரெஃபரன்ஸ் எண்டா, உங்கட துண்டையே தம்பியிட்டக் குடுக்கிறது. சி பிளஸ் பிளஸ் எண்ட மொழியில பரமீட்டருக்கு 'அண்ட்' குறி போட்டா அப்பிடி. சி ஷார்ப்ல 'ரெஃப்' எண்ட சொல்லை மெதட்டிலயும் போடணும், கூப்பிடுற இடத்திலயும் போடணும். இது நல்ல ஏற்பாடு. கூப்பிடுற வரியைப் பார்த்தாலே 'இங்க என்ட மாறியிட பெறுமானம் மாறலாம்' எண்டு விளங்கும். ஃபோர்ட்ரான் எண்ட மொழியிட பழைய கம்பைலர்கள் (செய்நிரலைக் கணினிக்கு விளங்கிற மாதிரி மாத்துற மென்பொருள்) சிலதில இந்தக் காவல் இல்ல. 4 எண்ட மாறிலியை அனுப்பி, உள்ளுக்க அதுக்கு வேற பெறுமானம் குடுத்தா, செய்நிரலில மற்ற இடத்தில இருக்கிற 4உம் மாறிப்போகும்!

[காட்சி: பைதன் திரை]

இப்ப நீங்களே செய்து பாருங்க. பட்டியல் ஒண்டை அனுப்புங்க. 'ஐடி' எண்ட சார்பால அதுட அடையாள எண்ணை வெளியில ஒருக்கா அச்சிடுங்க, உள்ளுக்க ஒருக்கா அச்சிடுங்க. ரெண்டும் ஒண்டா இருக்கும். உள்ளுக்க அப்பெண்ட் பண்ணிட்டு அச்சிடுங்க, அப்பவும் அதே எண்தான். பிறகு பரமீட்டருக்கு ஒரு புதுப் பட்டியலைச் சமன் போட்டு அச்சிடுங்க. அந்த வரியிலதான் எண் மாறும்.