பனிக்குள் எழுந்த தம்பியின் முகம்

[காட்சி: தலவாக்கலை, விடியற்காலை. பனிக்குள் பாதி மறைந்த தேயிலை மலை.]

தலவாக்கலையில் ஹோலிரூட் என்றொரு தோட்டம் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிலும் ஒரு ஹோலிரூட் உண்டு. அங்கே ஓர் அரண்மனை, அதன் பக்கத்தில் ஆர்தர்ஸ் சீட் என்ற மலை.

1824இல் வெளிவந்த ஒரு நாவலில், ஜோர்ஜ் என்ற இளைஞன் விடியற்காலையில் தனியாக அந்த மலையில் ஏறுகிறான். பனிமீது வெயில் பட்டு ஒளிவளையம் ஒன்று தோன்றுகிறது. மேலே போய் உட்கார்ந்த சற்று நேரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு பிரமாண்டமான முகம் எழுகிறது. அவனை வெறுக்கும் தம்பியின் முகம். பதறித் திரும்பி ஓடுகிறான்; பின்னால் வந்து நின்ற தம்பிமீதே மோதுகிறான்.

[காட்சி: சிவனொளிபாதமலை, சூரிய உதயம்.]

சிவனொளிபாதமலையில் உதயத்துக்காகக் காத்து நின்றவர்கள், மலையின் நிழல் மறுபக்கத்துப் பனிமீது முக்கோணமாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த வெயில் முதுகில் விழும்போது மனித நிழலும் அப்படித்தான் எதிரே பனியில் பூதம்போல் நிற்கும். ஆடு மேய்த்து மலையிலேயே வாழ்ந்த ஒருவருக்குத்தான் இது கதையாகத் தோன்றும்.

அந்த நாவலை எழுதிய அவர் பெயர் ஜேம்ஸ் ஹொக். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். தாய் பழைய கதைப்பாடல்களை மனப்பாடமாகப் பாடுவார். லயத்துக் காம்பராவில், அடுப்புச் சூட்டில், அப்பாயி வாயால் முனி கதை கேட்டு வளர்ந்த எனக்கு அந்தத் தாயைத் தெரியும்போல் இருக்கிறது.

நாவலின் பெயர் நீளமானது: 'நீதிமானாக்கப்பட்ட ஒரு பாவியின் அந்தரங்க நினைவுகளும் வாக்குமூலங்களும்'. தம்பி ராபர்ட்டிடம், கடவுள் உன்னைத் தெரிந்தெடுத்துவிட்டார், எந்தப் பாவமும் இனி உன்னைத் தள்ளாது என்கிறார்கள். அதே நாளில் அவனுடைய சாயலிலேயே ஓர் அந்நியன் வழியில் எதிர்ப்படுகிறான். கில்-மார்ட்டின். யாருடைய முகத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடியவன். கடவுளின் எதிரிகளைக் கொல்வது புண்ணியம் என்று மெல்ல மெல்லச் சொல்லித்தருகிறான். அவன் சாத்தானா, ராபர்ட்டின் மனமேதானா? ஹொக் பதில் சொல்வதில்லை. ஒரே சம்பவங்களை முதலில் ஒரு பதிப்பாசிரியர் சொல்கிறார், பிறகு ராபர்ட் சொல்கிறான்; இரண்டும் ஒட்டுவதில்லை. அந்த இடைவெளியில்தான் எனக்குக் குளிர் எடுத்தது. தான் செய்வதெல்லாம் சரி என்று முழுமனதாக நம்பும் ஒருவனைவிடப் பயங்கரமான பேயை நான் எந்த நாவலிலும் சந்தித்ததில்லை.

முடிவில் ஹொக்கே கதைக்குள் வருகிறார். ஒரு கல்லறையைத் தோண்ட வழிகாட்டும்படி கேட்கிறார்கள். சந்தையில் தலைக்குமேல் வேலை இருக்கிறது என்று மறுத்துவிடுகிறார். பெயர் போடாமல் வெளிவந்த புத்தகம் இது. 1947இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் முன்னுரை எழுதிய பிறகுதான் பலர் அதைத் தேடிப் படித்தார்கள்.

[காட்சி: பூட்டிய பங்களா, புல் மூடிய பாதை.]

பழைய துரை பங்களாக்களைப் பார்த்து மனம் பதைத்தவர்கள் அயர்லாந்தின் ஷெரிடன் லெ ஃபனு 1864இல் எழுதிய 'அங்கிள் சைலஸ்' நாவலை வாசியுங்கள். தந்தையை இழந்த மோட், சித்தப்பா சைலஸின் பாழ்மாளிகைக்கு அனுப்பப்படுகிறாள். வயதுக்கு வருமுன் அவள் இறந்தால் சொத்து முழுவதும் அவருக்கே. இதில் பேயே இல்லை. உயில் ஒன்றே போதுமாக இருக்கிறது. இவர் எழுதிய 'கார்மில்லா' என்ற இரத்தக்காட்டேரிக் கதை, 'டிராகுலா'வுக்கு 25 ஆண்டுகள் முந்தியது. ஒரே இரவில் முடித்துவிடலாம்.

மூன்றும் குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹொக்கிலிருந்து தொடங்குங்கள். ஸ்கொட்லாந்துப் பேச்சுவழக்கு வரும் இடங்களில் கண் தடுமாறும். வாய்விட்டு வாசியுங்கள், காது பிடித்துக்கொள்ளும்.