ஏற்ற வண்டி பழகித்தான் அமையும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"பைக் பிரியருக்கு ஏற்ற வண்டி தேடிக் கிடைப்பதா, பழகி அமைவதா?" இதுதான் இன்றைய தலைப்பு. பழகித்தான் அமையும் என்று பேச வந்திருக்கிறேன். இந்த அணியில்தான் பேசுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், உயரம், எடை, ஓட்டும் சாலை, கையிருப்பு எல்லாம் பார்த்து, நாலு கடை ஏறி இறங்கி எடுத்தால்தான் ஆயுசுக்கும் நிற்கும் வண்டி கிடைக்கும் என்றார். செருப்பையே போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம் என்றும் கேட்டார். சரி. கால் தரையில் ஊன்றுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். அதை நான் மறுக்கவில்லை. அதற்கு மேல் கடையில் என்ன தெரியும்?

புது வண்டி எடுத்தவர்கள் யோசித்துப் பாருங்கள். சாவியைக் கையில் கொடுக்கும்போதே, "முதல் 500 கிலோமீட்டருக்கு ரொம்ப முறுக்காதீங்க" என்று சொல்லித்தானே அனுப்புகிறார்கள்? இன்ஜினுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் ரிங்கும், அது உரசுகிற சிலிண்டர் சுவரும் அப்போதுதான் ஒன்றோடொன்று உரசிப் படியத் தொடங்கியிருக்கும். முதல் சர்வீஸில் வடிக்கிற ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் உலோகப் பொடி மினுங்கும். உள்ளே இருக்கும் இரண்டு இரும்புக்கே பழகுவதற்கு இத்தனை தூரம் வேண்டியிருக்கிறது. மேலே உட்காருகிற மனுஷிக்கு மட்டும் கடைத் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதுமா?

என் கதையைச் சொல்கிறேன். அப்பா வந்தவாசியில் அரிசி மண்டி வைத்திருந்தார். அவரிடம் 1983 மாடல் புல்லட் 350 ஒன்று இருந்தது. வார்ப்பிரும்பு இன்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். எடை 160 கிலோவுக்கு மேல். என் உயரம் 5 அடி 1 அங்குலம். எதிரணியின் கணக்குப்படி எனக்குக் கொஞ்சமும் பொருந்தாத வண்டி. ஆனால் ஐந்து வயதிலிருந்து அதன் டேங்க் மேல் உட்கார்ந்து போனவள் நான். 20 வயதில் ஓட்டக் கேட்டபோது அப்பா மறுக்கவில்லை. "முதல்ல ஸ்டார்ட் பண்ணக் கத்துக்கோ" என்றார். அதற்கே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அதை வெறும் பலத்தால் உதைத்துக் கிளப்ப முடியாது. சாவியைத் திருப்பிவிட்டு, ஹெட்லைட் மேலே இருக்கும், மின்னோட்டம் காட்டும் ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அழுத்திக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் சட்டென்று நடுவுக்கு வரும். தீப்பொறிக்கான பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அங்கேயே நிறுத்தி, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரை இடது கையால் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு துளி இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே உதை. அவசரப்பட்ட நாளெல்லாம் எனக்குக் கணுக்கால் வலிதான் மிச்சம். முள்ளுக்காகப் பொறுத்திருக்கக் கற்ற பிறகு ஒன்றிரண்டு உதையில் எழுந்துகொண்டது.

உயரத்துக்கும் வழி இருந்தது. சீட் தைக்கிற பாய், உள்ளே இருந்த நுரையில் ஒன்றரை அங்குலம் சீவி எடுத்து, முன்பக்கத்தை ஒடுக்கித் தைத்துக் கொடுத்தார். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துப் பூட்டினோம். மெக்கானிக் அண்ணன் டேப்பட் வைக்க, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய, கற்றுக்கொடுத்தார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வால்வை இயக்கும் புஷ்ராடு கம்பி விரலில் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்தப் பக்குவம் விரலுக்கு வர ஒரு வருஷம் ஆனது. அப்பா அந்த வண்டியை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நடுவில் ஒரு புது வண்டியும் வாங்கினேன். அளவு, எடை, மைலேஜ் எல்லாம் பார்த்து, எதிரணி சொன்ன மாதிரியே தேடி எடுத்த வண்டி. நல்ல வண்டிதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு வருஷத்தில் விற்றுவிட்டேன். விற்ற அன்று எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதற்காக நான் எதையும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

புல்லட்டின் வரலாற்றையே பாருங்களேன். அந்தப் பெயரில் முதல் வண்டி 1932 இல் வந்தது, இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திலிருந்து. எல்லை ரோந்துக்கென்று நம் ராணுவம் கேட்டது. 1955 இல் அந்த நிறுவனத்தார் இங்கிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கினார்கள். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையே திருவொற்றியூரில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ராணுவம் தேடித்தானே எடுத்தது என்று எதிரணி கேட்கலாம். ஆமாம், தேடல் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு 20 வருஷத்துக்கு மேல் நம் தொழிலாளர் கை அதில் பழகியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்பு, 1977 இல், அதே புல்லட்டை அதே இங்கிலாந்துக்கு இங்கிருந்து ஏற்றுமதி செய்தார்கள்.

கடைசியாக யமஹா ஆர்எக்ஸ் 100. 1996 இல் உற்பத்தி நின்ற வண்டியை இன்றும் ஊர் ஊராகத் தேடுகிறார்களே, அது தேடல் இல்லையா என்று எதிரணித் தங்கை கேட்டார். நல்ல கேள்வி. 98 சிசி, 11 குதிரைத்திறன், 100 கிலோவை ஒட்டிய எடை. அந்தச் சத்தத்துக்கு நானும் திரும்பிப் பார்ப்பவள்தான். ஆனால் யார் தேடுகிறார்கள்? பெரும்பாலும் கல்லூரிக் காலத்தில் அதை ஓட்டியவர்கள், அண்ணன் ஓட்டியதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள். பழகியதைத்தானே தேடுகிறார்கள்! கிடைத்த பிறகும் என்ன ஆகிறது? தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஒரிஜினல் சைலன்ஸருக்கு அலைந்து, ஒரு வருஷம் அதோடு உட்கார்ந்த பிறகுதான் "என் வண்டி" என்கிறார்கள். வண்டி வீட்டுக்கு வந்த அன்று அப்படிச் சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். என் புல்லட் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. மன்றம் கலைந்ததும் எதிரணித் தலைவர் வரட்டும், சாவியை நானே தருகிறேன். முள் நடுவுக்கு வரும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா. நன்றி, வணக்கம்.