காய்ச்சல் போயிடுச்சு, தெம்பு ஏன் வரலை?

(காட்சி: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். காலைப் பனி இன்னும் விலகலை. குரல் மட்டும்.)

வணக்கம்ங்க. நான் கோத்தகிரிக்காரி. பத்து வருஷத்துக்கு மேல ஐசியு-வுல நர்ஸா வேலை பார்த்தவ. இன்னிக்கு என் பெரியம்மா கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

பெரியம்மா இலை பறிக்கிறவங்க. ஒரு ஐப்பசி மாசம் அஞ்சு நாளா விடாத காய்ச்சல். இடுப்புல, சேலைக் கட்டுக்குக் கீழ, சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல்னு சொல்றோமே, ஸ்க்ரப் டைபஸ், அதோட அடையாளம் அது. புதர்ல இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு வர்றது. சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே சரியாயிடும். பெரியம்மாவுக்குத் தாமதமாயிடுச்சு. ரத்த அழுத்தம் இறங்கி, மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவெல்லாம் ஆம்புலன்ஸ்ல இறங்கி, கோயம்புத்தூர்ல ஒன்பது நாள் ஐசியு.

பிழைச்சு வந்தாங்க. ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு. ஆனா மூணு வாரம் ஆகியும் எழுந்து நின்னா தலை சுத்தல். சோத்தைப் பார்த்தாலே குமட்டல். "பெரிய காய்ச்சல்ல இருந்து வந்தவங்க, அப்படித்தான் இருக்கும்"னு எல்லாரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அதை நினைச்சா இன்னும் மனசு கேக்கல.

(காட்சி: மனித உடல் வரைபடம். மூளைக்கு அடியில் ஒரு புள்ளியாக பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் தைராய்டு, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அட்ரீனல்.)

உயிருக்குப் போராடுறப்போ உடம்பு, வீட்டுல பஞ்சம் வந்தா செலவைக் குறைக்கிற மாதிரி, சில வேலைகளை நிறுத்தி வைக்கும். டி3-ங்கற தைராய்டு ஹார்மோன் அளவு இறங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நிக்கும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் குறையும். சர்க்கரை ஏறும். இதெல்லாம் பெரும்பாலும் வாரக்கணக்குலயோ மாசக்கணக்குலயோ தானா திரும்பிடும்.

அதனாலதான் எப்போ டெஸ்ட் எடுக்கிறோம்ங்கறது முக்கியம். வீடு வந்த பத்தாவது நாள் தைராய்டு பார்த்தா டி3 குறைஞ்சிருக்கலாம். உடம்பு தேறும்போது டி.எஸ்.எச்., அதாவது தைராய்டை வேலை வாங்குற பிட்யூட்டரி ஹார்மோன், கொஞ்ச நாளைக்கு ஏறும், சில பேருக்கு 20 வரைக்கும்கூட. அதை வச்சே ஆயுசுக்கும் தைராய்டு நோயாளின்னு முடிவு பண்ணிட முடியாது. உடம்பு தேறி குறைஞ்சது 6 வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். ஏற்கனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க.

சர்க்கரையும் அதே மாதிரிதான். 3 மாசம் கழிச்சு எச்.பி.ஏ.1.சி, அதாவது மூணு மாச சராசரிச் சர்க்கரையைக் காட்டுற டெஸ்ட், பாருங்க. ரத்தம் ஏத்தியிருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அந்த அளவு தப்பாக் காட்டும். ரெண்டு மூணு மாசத்துல முடி கொத்துக் கொத்தாக் கொட்டினா பயப்படாதீங்க, அது தானா நிக்கும்.

காத்திருக்கவே கூடாத ஒண்ணு உண்டு. கார்ட்டிசோல்.

அட்ரீனல்ல சுரக்கிற ஹார்மோன். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறதே அதுதான். குறைஞ்சா தலை சுத்தல், குமட்டல், பசியின்மை, சர்க்கரை இறங்குறது. பெரியம்மாவுக்கு இருந்தது அத்தனையும். ஆனா முதல்ல பார்த்த இடத்துல தைராய்டு மட்டும் எடுத்து, டி3 கம்மின்னு தைராய்டு மாத்திரை கொடுத்துட்டாங்க. கார்ட்டிசோல் குறைவா இருக்கிறவங்களுக்கு அது ஆபத்து. தைராய்டு மாத்திரை உடம்போட வேகத்தைக் கூட்டும், இருக்கிற கொஞ்ச கார்ட்டிசோலும் சீக்கிரம் செலவாயிடும். நாலாவது நாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாங்க.

(காட்சி: ஒரு சுருக்குப் பை. வெத்தலை, பாக்கு, நடுவில் பொட்டலம் கட்டின சின்ன வெள்ளை மாத்திரைகள்.)

காரணம் அவங்க சுருக்குப் பையில இருந்துச்சு. முழங்கால் வலிக்குன்னு மருந்துக்கடையில பேர் சொல்லாமக் கொடுத்த வெள்ளை மாத்திரை. ரெண்டு வருஷமா தினம் ஒண்ணு. அது ஸ்டீராய்டு, கார்ட்டிசோல் மாதிரியே வேலை செய்யற மருந்து. வெளியில இருந்து தினமும் வந்துட்டே இருந்தா அட்ரீனல் தூங்கிடும். ஐசியு-வுல 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை 50 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டாங்க, அதுவும் ஸ்டீராய்டுதான், டிஸ்சார்ஜ் ஃபைலோட மூணாவது பக்கத்துல இருக்கு. ஊசி நின்னுச்சு. வீட்டுக்கு வந்து பழைய மாத்திரையும் நின்னுச்சு. தூங்கின சுரப்பி எழுந்திரிக்கல. மாத்திரையைப் பத்தி யாரும் கேக்கல, பெரியம்மாவும் சொல்லல. வலி மாத்திரையை மருந்துன்னே அவங்க நினைக்கல.

அதனால உங்க வீட்டுல யாராவது ஐசியு-வுல இருந்து வந்திருந்தா, அந்த ஃபைலை எடுத்து ஹைட்ரோகார்ட்டிசோன், டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன்ங்கற பேர் இருக்கான்னு பாருங்க. தலையணைக்கு அடியில, டப்பாவுல, பையில இருக்கிற எல்லா மாத்திரையையும் அள்ளிட்டுப் போய் டாக்டர் மேசையில கொட்டுங்க. காலை 8 மணிக்கு எடுக்கிற கார்ட்டிசோல் டெஸ்ட் வேணுமான்னு நீங்களே கேளுங்க. ஒரு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழ இருந்தா குறைபாடுன்னு பெரும்பாலும் சொல்லிடலாம், 10-க்கு மேல இருந்தா பொதுவா சுரப்பி எழுந்துடுச்சுன்னு அர்த்தம். நடுவுல இருந்தா இன்னொரு டெஸ்ட் உண்டு.

மலையில இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். ஸ்டீராய்டு மாத்திரையில இருக்கிறவங்களுக்குக் காய்ச்சல் வந்தா டோஸைக் கூட்டணும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கலைன்னா 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே போடணும். ஐப்பசி, கார்த்திகையில மண்சரிஞ்சு ரோடு அடைச்சுட்டா கீழ இறங்க முடியாது. அதனால டாக்டர்கிட்ட எழுதி வாங்கி அந்த ஊசி மருந்தை வீட்டுலயே வச்சுக்கங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வையுங்க.

(காட்சி: மறுபடி தேயிலைத் தோட்டம். ஒரு கை இலை பறிக்கிறது.)

பெரியம்மாவுக்கு ஸ்டீராய்டை மறுபடி ஆரம்பிச்சு, டோஸை மெல்ல மெல்லக் குறைச்சாங்க. எட்டு மாசம் ஆச்சு. கடைசியா எடுத்த கார்ட்டிசோல் 12. இப்போ அரை நாள் வேலைக்குப் போறாங்க. சுருக்குப் பையில வெத்தலை, பாக்கோட ஒரு அட்டை இருக்கு. "ஸ்டீராய்டு எடுத்தவர், மயங்கினால் ஹைட்ரோகார்ட்டிசோன் போடவும்"னு நான் பெரிய எழுத்துல எழுதி, மழையில நனையாம பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தது.