வெள்ளை ஸ்னீக்கர் உங்கள் காலுக்கு ஆகுமா?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஈரோட்டில் செருப்புக் கடை வைத்திருப்பவன் நான். கல்லூரி திறப்போ தீபாவளியோ, இப்போது கடைக்கு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது விளையாட்டு ஷூ மாதிரி இருக்கிற ஸ்னீக்கரைத்தான், அதிலும் வெள்ளை. வேட்டியோடு வருகிற பெரியவர்கள்கூட, "அந்த மெத்துன்னு இருக்கற ஷூவ எடுங்க" என்கிறார்கள். எடுத்துக் கொடுப்பது பெரிய வேலையில்லை. அதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "எங்கே போட்டுட்டுப் போறீங்க?"

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர், "ஷிப்ட் முடியற வரைக்கும் நின்னுட்டேதானுங்க" என்றார். அவர் கையில் எடுத்திருந்ததோ தட்டையான ரப்பர் சோல் வைத்த ஸ்னீக்கர். சிமென்ட் தரையில் நாளெல்லாம் நிற்கிற காலுக்கு அது தாங்காது, குதிகால் வலிக்கும். சோல் கனமாக, மிதித்தால் அமுங்கி எழும்புகிற நடைப்பயிற்சி ஷூதான் அவருக்குச் சரி. பஸ் ஏறி ஆபீஸ் போய், சாயங்காலம் கடைவீதி சுற்றி வருகிறவருக்கு ஸ்னீக்கர் தாராளமாகப் போதும். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் தினமும் வேகநடை போகிறவருக்குப் போதாது. இரும்பு உருக்கி வார்க்கிற பவுண்டரி வேலைக்கு வேண்டவே வேண்டாம். அங்கே முன்பக்கம் இரும்பு வைத்த சேஃப்டி ஷூதான்.

பார்க்க விளையாட்டு ஷூ மாதிரிதானே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கான்வர்ஸ் ஆல் ஸ்டார் 1917-இல் வந்தது, நைக்கியின் ஏர் ஃபோர்ஸ் ஒன் 1982-இல் வந்தது. இரண்டுமே கூடைப்பந்துக்காரர்களின் ஷூவாக இருந்தவை. ஆட்டத்துக்கான ஷூக்கள் எவ்வளவோ மாறிவிட்டன, இவை தெருவில் அழகுக்குப் போடுகிறவையாக நின்றுவிட்டன. தோற்றத்தை நம்பி ஓடாதீர்கள்.

அடுத்தது அளவு. நம் ஊரில் சிக்கலே இங்கேதான். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து பார்த்தது. மேலைநாட்டுக்காரர்களின் பாதத்தைவிட நம் பாதம் பொதுவாக அகலம் என்று தெரிந்தது. நாம் வாங்குகிற நம்பரோ இங்கிலாந்துக் கணக்கு. ஏழாம் நம்பர் சுண்டுவிரலைக் கடித்தால் உடனே எட்டு கேட்கிறோம். ஒரு நம்பர் கூடினால் நீளம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடிவிடும், அகலம் கொஞ்சம்தான் கூடும். கடைசியில் குதிகால் கழன்று கழன்று வரும், சுண்டுவிரல் அப்படியேதான் நசுங்கும். நம்பரை ஏற்றுவதைவிட முன்பக்கம் அகலமான வேறு மாடலைக் கேளுங்கள்.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், பழைய செய்தித்தாள் ஒன்றைத் தரையில் விரித்து அதன்மேல் முழு எடையும் போட்டு நில்லுங்கள். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வேறொருவரை வரையச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் வரைய வேண்டும், பலருக்கு ஒரு கால் பெரிதாகவே இருக்கும். அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய், ஷூவின் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கிற இன்சோலை உருவி, வரைந்த கோட்டின் மேலே வையுங்கள். சுண்டுவிரல் பக்கம் கோடு வெளியே தெரிந்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் ஷூ இல்லை. நீளத்தில் பெரிய விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அப்போது அதுதான் கணக்கு.

கோயில், வீடு, துக்க வீடு, எங்கே போனாலும் வாசலில் கழற்றுகிறவர்கள் நாம். ஒவ்வொரு தடவையும் லேஸ் அவிழ்க்கச் சோம்பல்பட்டு, பின்பக்கத்தை மிதித்தே காலை நுழைப்போம். சில வாரத்தில் அந்தப் பின்சுவர் படுத்துவிடும், அதன்பிறகு குதிகாலுக்குப் பிடிமானமே கிடையாது. உங்கள் பழக்கமும் அப்படி என்றால் லேஸ் இல்லாமல் இழுத்து மாட்டுகிற மாடலே மேல்.

வெயில் காலத்தில் முழு ரெக்ஸின் ஷூவில் கால் வேகும், துணியோ வலையோ வைத்தது தேவலை. செம்மண் காட்டில் வெள்ளை நிறத்தோடு மல்லுக்கட்டுவது உங்கள் பாடு. பியூ, அதாவது பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் நுரையில் செய்த சோல் வைத்த ஷூவைக் கல்யாணத்துக்கு மட்டும் என்று பெட்டியிலேயே பூட்டி வைக்காதீர்கள். காற்றின் ஈரத்திலேயே அந்த சோல் வருடக்கணக்கில் நைந்து போகும். பார்க்கப் புதிதாகவே இருக்கும், போட்டு நாலு எட்டு வைத்தால் புட்டுப் புட்டாக உதிரும்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் "எனக்கு வசதியாத்தான் இருக்குதுங்க" என்பதை நம்பி ஷூ எடுக்கக் கூடாது. கடிப்பதே அவர்களுக்குத் தெரியாது. மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும், எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு போதும் என்று அவர் சொல்லிவிடவும் கூடும்.

வாங்கி வந்ததும் வெளியே போடாமல், வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். விரல் ஓரம் சிவந்திருந்தால் "போகப் போக இளகும்" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கேட்காமல் திருப்பிக் கொடுங்கள். அழுக்குப் படாமல் இருந்தால் மாற்றித் தருவார்களா என்பதைப் பில் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. நன்றி, வணக்கம்.