பசியின்மை என்னும் பொய்ப் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

அனோரெக்சியா நெர்வோசா என்னும் நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழில் இதைப் பசியின்மை நோய் என்று எழுதிவிடுகிறார்கள். மனநல மருத்துவராகப் பல ஆண்டுகள் இந்நோயாளிகளோடு உட்கார்ந்து பேசிய எனக்கு அந்தப் பெயர் உறுத்துகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பசி இருக்கிறது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கிறது. எடை கூடிவிடுமோ என்ற அச்சம் அந்தப் பசியையும் மிஞ்சி நிற்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பிடிவாதம் என்கிறார்கள்; அழகின் மேல் கொண்ட மோகம் என்கிறார்கள். எனக்கு இதில் பொறுமை கிடையாது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்நோயில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டியிருக்கின்றன. இது பெண்களுக்கு மட்டும் வருவதும் அன்று. 1689இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இதைப் போன்ற நோயை விவரித்தபோதே, அவர் எழுதிய இருவரில் ஒருவன் 16 வயதுப் பையன்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்கிறோம். அந்தப் பத்தும் எப்படிப் பறக்கின்றன என்பதை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கண்ணால் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் காலம். போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு மீண்டும் எப்படி உணவூட்டுவது என்று அறிய ஆன்சல் கீஸ் என்ற அறிவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் நலமாக இருப்பதைச் சோதித்தே அவர்களைச் சேர்த்தார்கள். 24 வாரங்கள் அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது.

எடை மட்டுமா கரைந்தது? சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். உணவைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். கோடையிலும் குளிர்ந்தது. நண்பர்களோடு பேச்சுக் குறைந்தது, சிரிப்பு நின்றது, சிறு சொல்லுக்கும் எரிந்து விழுந்தார்கள், காதல் நாட்டம் அற்றுப்போனது. நம் வீட்டுப் பிள்ளையிடம் நாம் காணும் மாற்றங்கள் இவைதாமே! அந்த இளைஞர்களில் யாருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. பட்டினி ஒன்றே அவர்களை அப்படி ஆக்கியது.

பெற்றோரிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது சிலர் அழுதுவிடுகிறார்கள். தம்மை வெறுத்து ஒதுக்குகிறாள் என்று எண்ணியிருந்த மகள் பட்டினியால் ஒடுங்கிப்போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது.

உடலில் நடப்பதையும் சொல்ல வேண்டும். இதயத் தசை மெலிகிறது, நாடித்துடிப்பு இறங்குகிறது, எழுந்து நின்றால் மயக்கம் வருகிறது. வாந்தி எடுக்கும் பழக்கமும் சேர்ந்தால் பொட்டாசியம் குறைந்து இதயம் தாளம் தப்பலாம். மாதவிடாய் நிற்கிறது. எலும்பு உறுதிப்பட வேண்டிய வயதில் அதன் அடர்த்தி குறைகிறது. அந்த இழப்பை முழுமையாக ஈடுகட்ட முடியாமலும் போகலாம். சூட்டைத் தக்கவைக்கத் தோலில் பூனைமுடி முளைக்கிறது. இத்தனைக்கும் நடுவே ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதும் உண்டு. அதை நம்பி நிம்மதி அடையாதீர்கள். மனநோய்களிலேயே அதிக உயிர்களைப் பறிக்கும் நோய்களில் இது ஒன்று. தற்கொலையும் அந்த மரணங்களுக்கு ஒரு முக்கியக் காரணம். பருமனாக இருந்தவர் விரைவாக இளைத்தாலும் இதே ஆபத்துகள் வரும். அவரைத்தான் நாம் ‘நன்றாக இளைத்துவிட்டாயே’ என்று பாராட்டிக்கொண்டிருப்போம்.

இனி வீட்டுக்குள் வருவோம். ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்ற பொய்யில் தொடங்குகிறது. ஒவ்வொரு வேளையும் சண்டை. அம்மா தட்டைப் பார்க்கிறார், அப்பா அம்மாவைக் குறை சொல்கிறார், தங்கைக்குத் தேர்வு முடிவு வந்தது யாருக்கும் நினைவில்லை. மணமானவர் என்றால், துணைவருக்குத் தாம் வேண்டாதவராகிவிட்டோம் என்று தோன்றுகிறது. 1873இல் பாரிசில் இந்நோயை விவரித்த மருத்துவர் லாசேக், குடும்பத்தின் கையில் இரண்டே வழிகள் உண்டு, கெஞ்சுவதும் மிரட்டுவதும், இரண்டும் தீர்ந்துபோகும் என்று எழுதினார். இன்றும் என் அறைக்கு வரும் குடும்பங்கள் அந்த இரண்டையும் தீர்த்துவிட்டுத்தான் வருகின்றன.

அதே காலத்தில் இந்நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டிய லண்டன் மருத்துவர் வில்லியம் கல், உறவினர்களைப் போல மோசமான பராமரிப்பாளர்கள் இல்லை என்றே கருதினார். நெடுங்காலம் மருத்துவம் பெற்றோரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுவினர் அதைத் திருப்பிப்போட்டார்கள். நோய் தொடங்கி அதிகக் காலம் ஆகாத வளரிளம் பருவத்தினருக்கு, உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கிறது என்று கண்டார்கள். விவாதம் வேண்டாம், திட்டும் வேண்டாம். தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ‘பயமாக இருக்கிறது என்று தெரியும், நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று உணவை அள்ளிக் கொடுக்காதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் அப்படிச் செய்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்தநாள், திருமணம், ஒரு சாதாரணச் சந்திப்பு, எல்லாவற்றிலும் சாப்பாடு நடுவில் இருக்கிறது. அதனால் அவர்கள் வருவதில்லை. திமிர் என்று நினைத்து நாமும் அழைப்பதை நிறுத்திவிடுகிறோம்.

குணமாகி வந்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அவளுடைய தோழி ஒருத்தி வாரந்தோறும் சினிமாவுக்கு அழைத்தாளாம். ஏறக்குறைய ஓர் ஆண்டு இவள் மறுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் போனாள். இடைவேளையில் இவள் எதுவும் சாப்பிடவில்லை. தோழி கேட்கவும் இல்லை. “படம் என்ன என்றே மறந்துவிட்டது, டாக்டர். வீடு வரும் வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தோம்” என்றாள்.