சூடாகும் தரை: கலவை கொட்டும் முன் மீட்டரைப் பாருங்கள்

(காட்சி: விடியற்காலை. தளி சாலையில் பனிமூட்டம். வீட்டுக்குள் கிரானைட் தரையில் ஒரு ஜோடி வெறுங்கால்.)

மார்கழி மாதம் காலை 5 மணிக்குத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் கால் மரத்துவிடும். ஓசூர் மேட்டுநிலம் ஏறக்குறைய 3,000 அடி உயரம். தளிக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் சும்மா வரவில்லை.

கான்கிரீட் தரைக்குள் மின்சாரக் கேபிள் பதித்துத் தரையையே சூடாக்குவது எப்படி என்று இந்த வீடியோவில் பார்க்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தர்மபுரியிலோ கிருஷ்ணகிரி டவுனிலோ இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. ஒரு ஜமுக்காளம் போதும். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம்கூட வீடு முழுவதும் போடச் சொல்ல மாட்டேன். மூட்டுவலியோடு பெரியவர்கள் படுக்கும் ஒரே ஓர் அறை இருந்தால், புதுத் தரை போடும்போது யோசிக்கலாம்.

(காட்சி: வெறும் அறை. தரையில் சாக்பீஸ் கோடுகள்.)

இந்த அறை 10க்கு 12 அடி, சுமார் 11 சதுர மீட்டர். பீரோ நிற்கும் இடத்தையும், சுவர் ஓரம் 10 செ.மீ. இடைவெளியையும் கழித்துவிட்டால் 9 சதுர மீட்டர் மிஞ்சும். சதுர மீட்டருக்கு 150 வாட் வைத்தால் மொத்தம் 1,350 வாட். ஒரு மீட்டருக்கு 18 வாட் தரும் கேபிள் என்றால் 75 மீட்டர் நீளம் வாங்க வேண்டும். 9 சதுர மீட்டரை 75ஆல் வகுத்தால் 0.12. அதாவது 12 செ.மீ.க்கு ஒரு வரிசை. கணக்கு அவ்வளவுதான்.

கேபிள் மிச்சமானால் வெட்டிவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். வெட்டவே கூடாது. 230 வோல்ட்டில் 1,350 வாட் எடுக்க இந்தக் கேபிளின் மின்தடை சுமார் 39 ஓம். பாதியாக வெட்டினால் தடை பாதியாகும், மின்சாரம் இரட்டிப்பாகும். மொத்தம் 2,700 வாட், அதுவும் பாதி நீளத்தில். மீட்டருக்கு 18 வாட் தாங்க வேண்டிய கேபிள் 72 வாட்டில் வெந்துபோகும். அதனால் அறையை அளந்துவிட்டுக் கேபிள் வாங்குங்கள். வாங்கிவிட்டு அறையை அளக்காதீர்கள். முனையில் வரும் சூடாகாத இணைப்புக் கம்பியை மட்டும் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

(காட்சி: நீல நிறப் பலகைகள் அடுக்கப்படுகின்றன.)

அடுத்தது இன்சுலேஷன். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். கீழே இருப்பது மண். இன்சுலேஷன் இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் சூட்டில் நல்ல பங்கை மண் குடித்துவிடும். ஈரம் ஏறாமல் இருக்கப் பாலித்தீன் ஷீட், அதன்மேல் 5 செ.மீ. எக்ஸ்.பி.எஸ் என்ற கெட்டியான நுரைப் பலகை. டிவி பெட்டியில் வருகிற தெர்மோகோலைப் போடாதீர்கள், பாரத்தில் அமுங்கிவிடும், தரை வெடிக்கும். சுவர் ஓரம் சுற்றிலும் மெல்லிய நுரைப்பட்டை ஒட்டுங்கள். தரை சூடானால் கொஞ்சம் விரியும், அதற்கு இடம் வேண்டும்.

பலகை 5, கலவை 5, மேலே கல் 2 என்று மொத்தம் 12 செ.மீ. ஆகிறது. கதவு நிலையை அதற்கேற்ப முன்னாலேயே வையுங்கள். மாடி அறை என்றால் இன்னொன்றும் இருக்கிறது. 5 செ.மீ. கலவை மட்டுமே சதுர மீட்டருக்கு 100 கிலோ எடை, இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

(காட்சி: கம்பிவலைமேல் கேபிள் வளைந்து வளைந்து போகிறது.)

பலகைமேல் கம்பிவலை, வலையில் பிளாஸ்டிக் டையால் கேபிள். கட்டுக்கம்பி போட்டு முறுக்கினால் மேலுறை அறுபடும். வரிசைகள் ஒன்றை ஒன்று தொடக்கூடாது, குறுக்கே ஏறவும் கூடாது. திருப்பத்தில் கூர்மையாக மடக்காமல் வட்டமாக விடுங்கள். இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு சிறிய பைப் பதித்து, அதற்குள் வெப்பநிலை சென்சாரை விடுங்கள். பைப்பின் நுனியை அடைத்துவிட வேண்டும், கலவை உள்ளே போகக்கூடாது. நாளை சென்சார் கெட்டால் உருவி வேறு போட்டுக்கொள்ளலாம், தரையை உடைக்க வேண்டாம்.

நாங்கள் இந்த இடத்தில் இருந்தபோது வீட்டுப் பாட்டி வாசலில் நின்று கேட்டார், "ஏன் கண்ணு, கரண்ட்டைத் தரையில புதைக்கிறியே, தண்ணி கொட்டுனா ஷாக் அடிக்காதா?"

சரியான கேள்வி. கேபிளை வெட்டிப் பார்த்தால் நடுவில் இரண்டு கம்பிகள், அவற்றைச் சுற்றி ஓர் உலோக உறை, அதற்கும் மேலே பிளாஸ்டிக். அந்த உலோக உறையை எர்த்தில் இணைக்கிறோம். உள்ளே எங்காவது கசிந்தால் கரண்ட் எர்த்துக்குப் போகும், கசிவைக் கண்டுபிடிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் உடனே லைனைத் துண்டிக்கும். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். நம் பக்கம் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், அதையும் அளந்து பாருங்கள்.

(காட்சி: மல்டிமீட்டர் திரை, 39.4.)

இப்போது இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருகிறோம். கான்கிரீட் மூடிய பிறகு கேபிளை யாரும் பார்க்க முடியாது. உங்களுக்குச் சாட்சி மீட்டர் ஒன்றுதான். மூன்று முறை அளக்க வேண்டும்: பெட்டியைப் பிரித்ததும், வலையில் கட்டி முடித்ததும், கலவை கொட்டிய பிறகும். லேபிளில் 39 ஓம் என்றால் 37 முதல் 43 வரை சரி. கூடவே மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியில் கம்பிக்கும் உலோக உறைக்கும் நடுவே பாருங்கள். புதுக் கேபிளில் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் வேலையை நிறுத்துங்கள்.

மூன்று முறை என்று சொன்னேன், நான் செய்வது நான்கு. காரணம் என்னுடைய இரண்டாவது வேலை. அன்று கலவை கொட்டும்போதும் மீட்டரைக் கேபிளோடு மாட்டியே வைத்திருந்தேன். பாதி அறை முடிந்திருக்கும். கொத்தனார் மண்வெட்டியால் கலவையை இழுத்த ஒரு நொடியில் 41 காட்டிக்கொண்டிருந்த திரை 'ஓ.எல்' என்று மாறியது. கம்பி அறுந்துவிட்டது. "அண்ணே, நிறுத்துங்க!" என்று கத்தினேன். ஈரக் கலவையைக் கையாலேயே வழித்து எடுத்தோம், ஒரு முழ நீளத்துக்குள் வெட்டு கிடைத்தது. கேபிளோடு தரும் ரிப்பேர் கிட்டால் இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடி, மறுபடி அளந்தோம். 2 மணி நேரம் போயிற்று. மறுநாள் காலையில் கண்டுபிடித்திருந்தால் தரையை உடைத்திருப்போம். கொத்தனார்மேல் தப்பில்லை, கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குச் சரியாகக் காட்டாதது நான்தான். இப்போதெல்லாம் நடக்கப் பலகை போட்டுவிட்டு, கரண்டியும் கையும் மட்டும்தான். மண்வெட்டி அறைக்கு வெளியே.

கலவையில் பெரிய ஜல்லி வேண்டாம், சிப்ஸ் எனும் பொடி ஜல்லி போதும். கேபிளைச் சுற்றிக் காற்றுப்பை இல்லாமல் அடையுங்கள். காற்று இருக்கும் இடத்தில் சூடு வெளியேறாமல் கேபிள் தானாகவே கொதிக்கும்.

(காட்சி: மெருகேறிய கிரானைட் பதிக்கப்படுகிறது.)

மேலே என்ன போடலாம்? இதில் நமக்கு அதிர்ஷ்டம். மார்கழியில் காலைக் கடிக்கும் அதே கிரானைட் சூட்டையும் வேகமாகக் கடத்தும். மரத்தரையைவிடப் பல மடங்கு நல்லது. ஊரிலேயே வெட்டி எடுக்கிற கல்.

சூடாக எவ்வளவு நேரம்? 5 செ.மீ. கலவை ஒரு டிகிரி ஏற இந்த வாட்டில் சுமார் 10 நிமிடம். 18 டிகிரியிலிருந்து 26க்குப் போக ஒன்றரை மணி நேரம், கல்லையும் இழப்பையும் சேர்த்தால் 2 மணி நேரம். சுவிட்ச் போட்டதும் சுடும் ஹீட்டர் இல்லை இது, டைமர் வைத்துக்கொள்ளுங்கள். தரை 29 டிகிரியைத் தாண்டாமல் தெர்மோஸ்டாட்டில் பூட்டிவிடுங்கள். இரவு 6 மணி நேரம், அதில் பாதி நேரம் ஓடினால் 4 யூனிட். இரண்டு மாத இ.பி. பில்லில் 240 யூனிட் கூடும். உங்கள் வீட்டு மின்கட்டண ஸ்லாப் எங்கே தாவும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

பட்டுப்புழு வளர்க்கும் நண்பர்கள் கேட்பீர்கள் என்று தெரியும். இளம்புழு அறைக்குத் தேவையான 27 டிகிரியை இது தரும். ஆனால் 80, 90 சதவீத ஈரப்பதமும் வேண்டுமே. தரைச்சூடு அதைக் குறைத்துவிடும், ஈரத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். கோரைப்பாய் விரித்துப் படுக்கலாம். ஃபோம் மெத்தையை நேராகத் தரையில் போடாதீர்கள், ராகி மூட்டையை அடுக்காதீர்கள். சூடு மேலே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கும். சென்சார் வேறு இடத்தில் இருப்பதால் அதற்கு இது தெரியாது.

(காட்சி: டேப் விரித்த தரையின் புகைப்படம், சுவிட்ச் பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டப்படுகிறது.)

கலவை ஆறிவிட்டதே என்று அவசரப்பட்டு ஆன் செய்யாதீர்கள். 28 நாள் விடுங்கள். சூட்டை வைத்துக் காய வைத்தால் விரிசல்தான் வரும். அதன்பிறகும் தினம் 2 டிகிரி வீதம் ஏற்றுங்கள். கலவை கொட்டும் முன் டேப்பை விரித்து எடுத்த புகைப்படத்தையும், குறித்து வைத்த ஓம் அளவுகளையும் சுவிட்ச் பாக்ஸ் கதவுக்குள் ஒட்டிவையுங்கள். கதவுக்கு ஸ்டாப்பர் மாட்ட ட்ரில்லோடு ஒருவர் வருவார், அவருக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.